ஒயின் அறையின் குளிரூட்டி: பல்லடம் பக்கத்து விடுதி ஒன்றின் பராமரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடையே, திருச்சி சாலையை ஒட்டியுள்ள ஒரு நட்சத்திர விடுதியின் ஒயின் அறையில், அடுத்தடுத்த இரண்டு கோடைகளிலும் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில்தான் இருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை மெக்கானிக் வந்து போனதற்கான தாள்கள் கையெழுத்தோடு கோப்பில் இருந்தன. அவை அனைத்திலும் அறையின் வெப்பநிலை 13 டிகிரி என்றே எழுதப்பட்டிருந்தது. தாளில் ஒரு குறையும் இல்லாதபோது இயந்திரம் மட்டும் ஏன் நிற்கிறது என்பதே நிர்வாகம் எங்களிடம் வைத்த கேள்வி. அதற்குக் கிடைத்த விடையும், அதன்பின் அங்கே வகுக்கப்பட்ட பராமரிப்பு முறையும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. விடுதியின் பெயரும் ஒப்பந்தக்காரரின் பெயரும் ஆய்வுக்குத் தேவையில்லை என்பதால் விடப்பட்டுள்ளன.

அறையும் அதன் தேவையும்

திருப்பூருக்குப் பின்னலாடை வாங்க வரும் வெளிநாட்டு வணிகர்கள் தங்கும் விடுதி அது. எஃப்.எல்.3 என்னும், விடுதிகளில் மது பரிமாறுவதற்கான உரிமம் பெற்ற அதன் உணவகத்தின் ஓரத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில், முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக அந்த அறை அமைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 600 பாட்டில்கள் படுக்கை வாட்டில் அடுக்கப்பட்டுள்ளன. ஒயினை நெடுநாள் வைத்திருக்க 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையும், 60 முதல் 70 சதவீதம் வரையிலான ஈரப்பதமும் ஏற்றவை எனக் கொள்ளப்படுகின்றன. வெப்பம் ஏறினால் திரவம் விரிந்து தக்கையை வெளியே தள்ளும், அல்லது அதன் ஓரமாகக் கசியும். காற்று மிகவும் வறண்டால் தக்கை சுருங்கிக் காற்று உள்ளே போகும். ஈரம் மிகுந்தால் லேபிளில் பூசணம் பிடிக்கும். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவது, சற்றே கூடுதலான ஆனால் நிலையான வெப்பநிலையைவிட மோசமானது.

இத்தகைய அறைக்குச் சாதாரண ஸ்பிளிட் ஏசியைப் போட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அந்த விடுதியிலும் கேட்டார்கள். வீட்டு ஏசி பெரும்பாலும் 16 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஏமாற்றி இறக்கினாலும் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான அதன் உட்புறக் காயிலில் பனி கட்டும். காற்றிலுள்ள ஈரத்தையும் அது வேகமாகப் பிழிந்துவிடும். ஒயின் அறைக்கான இயந்திரத்தில் உட்புறக் காயிலின் பரப்பு பெரிதாகவும், காயிலுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு சிறிதாகவும் வைக்கப்பட்டிருக்கும். ஈரம் காக்கப்படுவது இதனால்தான். இங்கே இருந்தது ஆர்-134ஏ என்னும் குளிரூட்டும் வாயுவில் (மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்பது இதைத்தான்) இயங்கும் ஸ்பிளிட் வகை. அதன் வெளிப்புற யூனிட் சமையலறைக்குப் பின்னாலுள்ள முற்றத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தேர்வைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்தது

முதல் கோடையில், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், அறையின் எச்சரிக்கை மணி பிற்பகலில் அடித்தது. டிஸ்ப்ளே 19 டிகிரி காட்டியது. கம்ப்ரஸர் சூடேறித் தானாக நிற்பதும், ஆறியதும் மீண்டும் ஓடுவதுமாக இருந்தது. அழைக்கப்பட்ட மெக்கானிக், குளிர் குறைந்தால் கேஸ் குறைந்திருக்கிறது என்ற பழக்கப்பட்ட முடிவுக்கு வந்து கேஸ் ஏற்றினார். மறுவாரமும் அதுவே நடந்தது. மறுபடியும் கேஸ் ஏற்றப்பட்டது. அதற்குள் வைகாசி கடந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியது. வெளிக்காற்றின் சூடு தணிந்ததும் இயந்திரம் ஒழுங்காக ஓடியது. ஓடியதைக் கண்டு, கேஸ் ஏற்றியதால் சரியாயிற்று என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அடுத்த ஆண்டுக்கான கோளாறை உறுதி செய்தது என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது கோடையில் இயந்திரம் ஓர் இரவு முழுவதும் நின்றது. காலையில் அறை 27 டிகிரியில் இருந்தது. சில பாட்டில்களில் தக்கை மேலெழும்பியிருந்தது. சிலவற்றின் கழுத்தில் கசிவின் பிசுக்கு தெரிந்தது. கீழ் அடுக்கின் லேபிள்களில் பூசணம் முன்னரே இருந்தது, ஆனால் அதை யாரும் இயந்திரத்தோடு தொடர்புபடுத்தவில்லை.

கண்டறிந்தவை

வெளிப்புற யூனிட்டில் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்ஸர் காயில் முதல் பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் அதைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவியிருக்கிறார்; தாளில் அப்படி எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அது இரண்டு வரிசைக் காயில். மேற்சட்டத்தைக் கழற்றி இரண்டு வரிசைகளையும் விலக்கிப் பார்த்தபோது, இடையே பஞ்சு ஒரு விரல் கனத்துக்குக் கம்பளி போல இறுகிக் கிடந்தது. காய்ந்த பஞ்சின்மேல் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சினால் அது வெளியே வராது. நனைந்து சுருண்டு இன்னும் உள்ளே போய் அப்பிக்கொள்ளும். வெளி வரிசை பளிச்சென்று ஆகும், உள் வரிசை மூடிக்கொள்ளும். காலாண்டுக்கொரு முறை நடந்த கழுவல் ஒவ்வொன்றும் அந்த அடைப்புக்கு ஓர் அடுக்கைச் சேர்த்திருக்கிறது.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதில் விடுதியினருக்கு ஐயமே இல்லை. சுற்றிலும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களும் விசைத்தறிக் கூடங்களும் இருக்கும்போது ஐயம் எதற்கு? ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்னும் ஊரில் பஞ்சு பறக்காமல் இருக்குமா? பழி மில்களின் மேல் விழுந்தது இயல்புதான். ஆனால் பிரித்தெடுத்த பஞ்சை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது வெளி அடுக்கு மட்டுமே வெள்ளையாகவும் மண் கலந்தும் இருந்தது. உள் அடுக்கில் நீல இழைகள் நிறையக் கலந்திருந்தன. விடுதியின் நீச்சல் குளத் துண்டுகள் நீலம். சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாய், வெளிப்புற யூனிட்டுக்கு எட்டடி தள்ளி அதே முற்றத்தில்தான் திறந்திருந்தது. அதே முற்றத்தில் சமையலறைப் புகைபோக்கியும் எண்ணெய் ஆவியை விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் படலம் பசையாகி, உலர்த்தியின் பஞ்சை நிரந்தரமாகப் பிடித்து வைத்தது. மில் பஞ்சு அதன்மேல் வந்து உட்கார்ந்தது, அவ்வளவே.

இதன் விளைவை எண்ணில் சொன்னால்தான் புரியும். ஆர்-134ஏ வாயு 40 டிகிரியில் திரவமாகும்போது அழுத்தமானியில் ஏறத்தாழ 133 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) இருக்கும், 50 டிகிரியில் 177, 60 டிகிரியில் 230. நன்றாக இருக்கும் ஓர் இயந்திரத்தில், திரவமாகும் வெப்பநிலை சுற்றுக்காற்றைவிடப் பத்து முதல் பதினைந்து டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு, முற்றத்தின் காற்று 39 டிகிரியாக இருந்தபோது, கண்டென்ஸரின் நடு வளைவில் குழாயின் மேற்பரப்பு 64 டிகிரி காட்டியது. வேறுபாடு 25. அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும் கம்ப்ரஸர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கிறது, குறைந்த குளிரைத் தருகிறது, சூடேறி நிற்கிறது. இந்த நிலையில் கேஸ் ஏற்றியது கண்டென்ஸருக்குள் திரவத்தை மேலும் நிறைத்து அழுத்தத்தை இன்னும் உயர்த்தியது. பிறகு வாயுவை முழுவதும் மீட்டு எடை போட்டபோது, இயந்திரத்தின் தகட்டில் குறித்திருந்த அளவைவிடக் கூடுதலாகவே இருந்தது. நைட்ரஜன் அழுத்தச் சோதனையில் கசிவு ஏதும் இல்லை. ஆக, ஒருநாளும் குறையாத கேஸ் இரண்டு முறை நிரப்பப்பட்டிருக்கிறது.

வெப்பத்தில் தொடர்ந்து கிடந்ததால் கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெபாசிட்டரும் தளர்ந்து, எழுதப்பட்ட மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருந்தது. மின்னழுத்தம் வேறு. தாழ்வழுத்த இணைப்பில் 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் ஆறு சதவீதம்வரை ஏற்கத்தக்கது, அதாவது 216 முதல் 244 வரை. தறிகள் ஓடும் மாலை நேரத்தில் அந்த முற்றத்தில் அது 210-க்கும் கீழே இறங்கியது. இரவில் இயந்திரம் நின்றதன் உடனடிக் காரணம், தளர்ந்த கெபாசிட்டரோடு குறைந்த மின்னழுத்தத்தில் கம்ப்ரஸர் கிளம்ப முயன்றதுதான். ஆயினும் அதை மூலகாரணம் என்று எழுத நாங்கள் உடன்படவில்லை.

அறைக்குள் கண்டவை சிறியவை, ஆனால் பூசணத்துக்கு விடை அங்கேதான் இருந்தது. உட்புற யூனிட்டின் தண்ணீர்த் தட்டு, மின்விசிறி காற்றை உறிஞ்சும் பக்கத்தில் இருந்தும், வடிகால் குழாயில் யூ வளைவு வைக்கப்படவில்லை. அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் காற்றை அடைக்கும். அது இல்லாதபோது விசிறி குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளிழுக்கும், தட்டிலுள்ள தண்ணீர் இறங்காது. தேங்கிய நீரில் பாசி பிடித்து, வழிந்து, கீழ் அடுக்கை நனைத்திருந்தது. கதவின் ஓரத்தைக் காற்றுப் புகாமல் அடைக்கும் காந்த கேஸ்கட் ஒரு மூலையில் தொய்ந்திருந்தது. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தபோது, அந்த மூலையில் அது தடையின்றி வந்துவிட்டது.

டிஸ்ப்ளே ஏன் 13 காட்டியது?

இந்த ஆய்வில் எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுவே. தெர்மோஸ்டாட் உள்ள எந்தக் குளிரூட்டியும், தன் திறனில் கடைசிச் சொட்டு இருக்கும்வரை, சொன்ன வெப்பநிலையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். புதிதாக இருக்கையில் மணிக்கு அரைமணி ஓடிய இயந்திரம், காயில் அடைக்க அடைக்க முக்கால் மணி ஓடும், பிறகு ஓயாமல் ஓடும். அந்தக் காலம் முழுவதும் டிஸ்ப்ளே 13-ஐ விட்டு அசையாது. அது அசையும் நாளில் சரிசெய்ய அவகாசம் இராது. எனவே வெப்பநிலையை மட்டும் எழுதும் பராமரிப்புத் தாள், கோளாறு முற்றிய பின்னரே அதைச் சொல்லக்கூடியது. மெக்கானிக் வந்த நேரமும் இதற்குத் துணைபோனது. அவர் எப்போதும் காலை பதினொரு மணியளவில் வருவார். அப்போது உணவகத்தின் ஏசி ஓடும், முற்றத்திலும் வெயில் இறங்கியிராது. பிற்பகல் நான்கு மணியிலும், உணவக ஏசியை நிறுத்திய நள்ளிரவிலும் அந்த அறை எப்படி இருந்தது என்பது தாளில் இல்லை. காலையில் கண்ணாடிக் கதவின் வெளிப்புறம் வியர்த்திருப்பதைத் துடைப்பது மட்டும் பணியாளர்களின் அன்றாட வேலையாக இருந்தது.

மற்றொன்று, சென்சாரின் இடம். அது குளிர்காற்று வெளிவரும் வாயிலுக்கு அருகே தொங்கியதால், மேல் அடுக்கில் 16 டிகிரி இருந்தபோதும் 13 என்றே காட்டியது. அறுநூறு பாட்டில்களில் 450 லிட்டர் ஒயின் இருக்கிறது. கண்ணாடியையும் சேர்த்தால், அத்தனையும் ஒரு டிகிரி சூடேற அரை யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் வேண்டும். குளிர்விப்பதற்கும் அதே அளவை வெளியேற்றியாக வேண்டும். காற்று சட்டென்று மாறும், ஒயின் மெதுவாகத்தான் மாறும். ஆகவே ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஒரு வெப்பமானி முனையைச் செருகி, மேல் அடுக்கின் நடுவே வைத்தோம். ஒயினின் உண்மை நிலையை அந்தப் பாட்டில் காட்டும். கட்டுப்பாட்டுச் சென்சார் காற்று திரும்பி உள்ளே போகும் பக்கத்துக்கு மாற்றப்பட்டது.

சீரமைப்பு

காயிலின் இரண்டு வரிசைகளும் பிரிக்கப்பட்டு, முதலில் காய்ந்த நிலையிலேயே மென்தூரிகையாலும் வேக்குவத்தாலும் பஞ்சு எடுக்கப்பட்டது. பிறகு எண்ணெய்ப் பசைக்காகக் காரத்தன்மையுள்ள காயில் திரவம் தெளித்து ஊறவிட்டு, விசிறிக் காற்று போகும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடப்பட்டது. கார் கழுவும் உயரழுத்தப் பம்பைப் பயன்படுத்தினால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். அந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கூடியது. காய்ந்ததும் வெள்ளைப் படிவை விட்டுச்செல்லும். அதனால் கடைசி அலசலுக்கு விடுதியின் சுத்திகரிப்பு நீரே எடுக்கப்பட்டது. வாயு எடை போட்டு நிரப்பப்பட்டது. கெபாசிட்டரும் கேஸ்கட்டும் மாற்றப்பட்டன, வடிகாலில் யூ வளைவு வைக்கப்பட்டது, மூன்று நிமிடத் தாமதத்துடன் கூடிய ஸ்டெபிலைசர் சேர்க்கப்பட்டது. இவற்றுக்குப் பின் 38 டிகிரி வெயிலில் அளந்தபோது கண்டென்ஸர் வேறுபாடு 25-லிருந்து 12 டிகிரிக்கு இறங்கியிருந்தது.

பராமரிப்பு முறை

புதிய முறைக்கான யோசனை எங்களிடமிருந்து மட்டும் வரவில்லை. விடுதியின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் பெரியவர் ஒருவர், முன்பு நூற்பாலையில், காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டை இயக்கியவர். ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுபடும், கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும் என்பதால், மில்களில் உலர்குமிழ், ஈரக்குமிழ் (குமிழில் ஈரத்துணி சுற்றிய) வெப்பமானிகளைப் பார்த்து எழுதுவது ஷிஃப்டு வேலையின் ஒரு பகுதி. அவர் மேலாளரிடம், “ஏனுங்க, மில்லுல பஞ்சுக்கே ஷிஃப்டு தவறாம ரீடிங் எழுதுவோமுங்க. இங்க இத்தன வெல போட்டு வாங்கி வெச்சுருக்கறீங்க, எழுதறதுக்கு ஒரு நோட்டு இல்லீங்களே” என்றார். அந்த நோட்டுதான் இப்போதைய முறையின் அடிப்படை.

கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டருக்கு இணையாக, கம்ப்ரஸர் ஓடிய மொத்த நேரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. மில் இயந்திரங்களில் உள்ள அதே எளிய கருவி. ஒவ்வொரு நாளும் மாலை நான்கு மணிக்கு மீட்டரின் எண், தண்ணீர்ப் பாட்டிலின் வெப்பநிலை, உலர்குமிழ், ஈரக்குமிழ், வெளிக்காற்றின் வெப்பநிலை ஆகியவை எழுதப்படுகின்றன. 13 டிகிரியில் ஈரக்குமிழ் ஏறத்தாழ மூன்றரை டிகிரி குறைவாக இருந்தால் ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்று பொருள். வெளிவெயில் ஏறாமலிருக்கும்போது ஒரு நாளின் ஓட்ட நேரம் மட்டும் ஏறினால் கண்டென்ஸரைப் பார்க்க வேண்டும். ஓட்ட நேரத்தோடு ஈரப்பதமும் ஏறினால் கதவையும் வடிகாலையும் பார்க்க வேண்டும். கண்டென்ஸர் சுத்தமாகவும் கதவு இறுக்கமாகவும் இருந்து, ஓட்டம் மட்டும் கூடினால்தான் கேஸைப் பற்றி நினைக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். ஒரு கிலோவுக்கும் குறைவான வாயு கொண்ட இயந்திரத்தில், ஒவ்வொரு வருகையிலும் அழுத்தமானிக் குழாய்களை மாட்டிக் கழற்றினாலே கொஞ்சம் கொஞ்சமாக வாயு வெளியேறும். ஆகவே காரணமின்றி மாட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. குழாயின் நடு வளைவில் கிளிப் வெப்பமானியைப் பொருத்திப் பார்ப்பது பெரும்பாலான நேரங்களில் போதுமானது.

வெளிப்புற யூனிட்டுக்கு முன்னால், ஓர் அடி தள்ளி, கழற்றிக் கழுவக்கூடிய நைலான் வலைச் சட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வலையைக் காயிலின்மேலேயே ஒட்டிக் கட்டினால், அது அடைபடும் நாளில் காயில் அடைபட்டதற்கும் அதற்கும் வேறுபாடு இராது. சட்டத்தின் பரப்பு காயிலைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், அதைக் கழுவும் பொறுப்பு பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் இருக்க வேண்டும். காயிலை வரிசை பிரித்து முழுமையாகச் சுத்தம் செய்வது ஆண்டுக்கு இரண்டு முறை: பங்குனி முடிவதற்குள் ஒன்று, ஆடிக்காற்று ஓய்ந்த பின் ஒன்று. மெக்கானிக்கின் வருகை பிற்பகலுக்கு மாற்றப்பட்டது. வடிகாலில் மாதம் ஒருமுறை வெந்நீர் ஊற்றப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு முறை. கேஸ்கட்டின் காகிதச் சோதனையும் அதே நாளில் நடக்கிறது.

கருவிகளையும் சோதிக்க வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. நொறுக்கிய ஐஸும் சிறிது தண்ணீரும் கலந்த குவளையில் வெப்பமானி பூஜ்யம் காட்ட வேண்டும். டிஜிட்டல் ஈரமானியை, சாப்பாட்டு உப்பை நீரில் குழைத்த சேற்றோடு ஒரு மூடிய டப்பாவில் சில மணிநேரம் வைத்தால் அது 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். விடுதியில் இருந்த ஈரமானி 66 காட்டியது. பூசணம் பிடித்த காலம் முழுவதும் ஈரப்பதம் சரியாக இருப்பதாக அது சொல்லிவந்ததற்கு இதுவே காரணம்.

நடக்காதவையும் உண்டு. ஒற்றைக் கண்ணாடியை இரட்டைக் கண்ணாடியாக மாற்றும் பரிந்துரையை, செலவைக் காட்டி நிர்வாகம் ஏற்கவில்லை. கதவு இன்னும் இரவில் வியர்க்கிறது, மீட்டரிலும் அந்தக் கூடுதல் ஓட்டம் தெரிகிறது. வெளிப்புற யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்றவும் இயலவில்லை. குழாயின் நீளமும் உயரமும் தயாரிப்பாளர் அனுமதித்த அளவைத் தாண்டும், கம்ப்ரஸர் எண்ணெய் திரும்பி வருவது தடைபடும். அதற்குப் பதிலாக, துணி உலர்த்தியின் வெளியேற்றுக் குழாய் கட்டடத்தின் மறுபக்கத்துக்குத் திருப்பப்பட்டு, அதன் முனையில் பஞ்சுப் பை மாட்டப்பட்டது. அதன்பின் வலைச் சட்டத்தை வாரந்தோறும் கழுவ வேண்டிய தேவை மாதம் ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது. காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களுக்கு மட்டும் பழைய வாரக் கணக்கே நோட்டில் தொடர்கிறது.